டைட்டில் கார்டு வரைய வந்தவர்: ஹிட்ச்காக்கின் ஊமைப்படங்கள்

கேள்வி இதுதான்: "சைக்கோ, வெர்டிகோ, ரியர் விண்டோ எல்லாம் பார்த்துவிட்டேன். ஹிட்ச்காக் ஊமைப்படங்களும் எடுத்திருக்கிறாராமே. அதெல்லாம் கைபழகிய காலத்துப் படங்கள்தானே, பார்க்கத்தான் வேண்டுமா? பார்ப்பதென்றால் எதில் தொடங்குவது?"

பார்க்கத்தான் வேண்டும். எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன், நான்கைந்து போதும். ஆனால் அந்த நான்கைந்தைப் பார்த்துவிட்டு மறுபடி வெர்டிகோவுக்குப் போனால் படம் வேறு மாதிரித் தெரியும். அதில் நாயகன் அந்தப் பெண்ணைக் காரில் பின்தொடர்கிறானே, பூக்கடை, கல்லறை, ஓவியக்கூடம் என்று, பேச்சே அநேகமாக இல்லாமல் அத்தனை நேரம்? சைக்கோவில் குளியலறைக் கொலை முடிந்தபின் நார்மன் தரையைத் துடைத்து, பிணத்தைக் கட்டி, காரைச் சேற்றுக்குளத்தில் தள்ளும் வரை ஒரு வசனமாவது ஞாபகம் இருக்கிறதா? அவை இரண்டும் அறுபது வயதை ஒட்டி அவர் எடுத்த ஊமைப்படத் துண்டுகள்தான். பிரெஞ்சு இயக்குநர் ட்ரூஃபோ 1962இல் எடுத்த நீண்ட பேட்டியில், சினிமாவின் மிகத் தூய வடிவம் ஊமைப்படம்தான் என்று ஹிட்ச்காக்கே சொல்லியிருக்கிறார். பேசும்படம் வந்தபின் பலர் எடுப்பது, ஆட்கள் பேசுவதைப் பிடித்த போட்டோக்கள் என்று அவருக்குக் குறை.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 1925 முதல் 1929 வரை அவர் முழுதாக இயக்கி முடித்த ஊமைப்படங்கள், 'பிளாக்மெயில்' படத்தின் ஊமை வடிவத்தையும் சேர்த்து, பத்து. ஒன்பது மிஞ்சியிருக்கின்றன. இரண்டாவது படமான 'தி மவுண்டன் ஈகிள்' தொலைந்துவிட்டது, சில ஸ்டில்கள் மட்டும் உண்டு. அது ரொம்ப மோசமான படம் என்று அவரே சொன்னார், இருந்தாலும் தேடுகிறவர்கள் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். தேடுவதும் நியாயம்தான். அவர் உதவி இயக்குநராக வேலை பார்த்த 'தி ஒயிட் ஷேடோ' படத்தின் மூன்று ரீல்கள் 2011இல் நியூசிலாந்தின் ஆவணக் காப்பகத்தில் கிடைத்தனவே.

அவர் சினிமாவுக்குள் எந்த வாசல் வழியாக வந்தார் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் தொடங்குகிறது. லண்டனுக்குக் கிழக்கே லேட்டன்ஸ்டோனில் ஒரு காய்கறிக் கடைக்காரர் வீட்டில் 1899இல் பிறந்தவர். ஹென்லி என்ற கேபிள் கம்பெனியின் விளம்பரப் பிரிவில் படம் போட்டுக்கொண்டிருந்தார். ஃபேமஸ் பிளேயர்ஸ் லாஸ்கி என்ற அமெரிக்கக் கம்பெனி லண்டன் இஸ்லிங்டனில் ஸ்டூடியோ திறந்தபோது, தானே சில டைட்டில் கார்டுகளை வரைந்து எடுத்துக்கொண்டு போய் வேலை கேட்டார். ஊமைப்படத்தில் இடையிடையே எழுத்து வருமே, வசனமும் 'மறுநாள் காலை' மாதிரிச் சேதிகளும், அந்த அட்டைகளை வரைவதுதான் அவருக்குக் கிடைத்த வேலை. எழுத்துக்குக் கீழே சின்னதாக ஒரு படமும் போடுவார்கள். ஒருவன் தறிகெட்டு வாழ்கிறான் என்று எழுத்து சொன்னால், இரண்டு முனையிலும் எரியும் மெழுகுவத்தியை இவர் கீழே வரைந்துவிடுவார்.

அந்த வேலையில் அவர் இன்னொன்றையும் கண்டுகொண்டார். படம் சரியாக வரவில்லையா? எழுத்தை மட்டும் மாற்றினால் போதும், சோகப்படத்தைச் சிரிப்புப் படமாக்கிவிடலாம். நடிகர் வாயசைத்ததற்கு அட்டையில் என்ன போட்டாலும் ஜனம் நம்பும். எழுத்துக்கு எவ்வளவு பலம் என்பதை உள்ளே இருந்து பார்த்த அதே ஆள்தான், இயக்குநரானதும் படத்துக்குப் படம் அந்த எழுத்தைக் குறைத்துக்கொண்டே போனார். இந்த ஒன்பது படங்களையும் நான் பார்ப்பது இந்தக் கண்ணோடுதான். ஒவ்வொன்றிலும், ஒரு அட்டையைப் போட்டுச் சுலபமாகத் தாண்டிப் போயிருக்கக்கூடிய இடத்தில் அவர் நின்று யோசித்திருப்பது தெரியும்.

யோசிக்கக் கற்றுக்கொடுத்ததில் ஜெர்மனிக்குப் பெரிய பங்கு. 1924இல் ஒரு கூட்டுத் தயாரிப்புக்காக பெர்லினுக்குப் பக்கத்தில் பாபெல்ஸ்பெர்க்கில் இருந்த உஃபா ஸ்டூடியோவுக்கு அனுப்பினார்கள். அங்கே ஜெர்மன் இயக்குநர் முர்னாவ் ஒரு படம் எடுத்துக்கொண்டிருந்தார். பெரிய ஓட்டலின் வாயிற்காவலர் ஒருவரைக் கழிப்பறை வேலைக்கு இறக்கிவிடுகிறார்கள், அதுதான் கதை. அந்தப் படம் முழுக்கக் கதைக்குள் வரும் டைட்டில் கார்டு ஒன்றே ஒன்று. டைட்டில் கார்டு வரைந்து பிழைத்த இளைஞருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பின்னால் போகப்போகப் பொருள்களைச் சிறிதாக்கி வைத்து, சின்ன இடத்தில் பெரிய தூரத்தைக் காட்டும் வித்தையையும் அங்கேதான் பார்த்தார். செட்டில் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்பது ஒரு பொருட்டே இல்லை, திரையில் என்ன விழுகிறதோ அதுதான் கணக்கு. இதைக் கடைசிவரை அவர் விடவில்லை.

அப்புறம் ஆல்மா ரெவில். ஹிட்ச்காக்கைவிட ஒரே ஒரு நாள் இளையவர், சினிமாவில் அவரைவிட மூத்தவர். எடிட்டிங், கதைத் தொடர்ச்சி இரண்டிலும் நல்ல தேர்ச்சி. முதல் படமான 'தி ப்ளெஷர் கார்டன்' எடுக்க 1925இல் ம்யூனிக்குக்கும் இத்தாலிக்கும் போனபோது உதவி இயக்குநர் அவர்தான். 1926 டிசம்பரில் இருவருக்கும் கல்யாணம். ஹிட்ச்காக் படம் என்று நாம் சொல்வதில் பாதிக்கு மேல் இந்த இருவர் பேசித் தீர்த்த விஷயங்கள் என்பது என் எண்ணம். ப்ளெஷர் கார்டனைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, முதல் சில நிமிடங்களைத் தவிர. சுழல் படிக்கட்டில் நடனப் பெண்களின் கால்கள் கடகடவென்று இறங்குகின்றன. முன்வரிசையில் ஒரு பெரியவர் தொலைநோக்கியைக் கண்ணில் வைத்து ஒருத்தியை மேய்கிறார். ஒளிந்து பார்க்கும் கண், பார்க்கப்படும் பெண். ரியர் விண்டோவுக்கு இன்னும் 29 வருடம் இருக்கிறது!

நீங்கள் தொடங்க வேண்டிய படம் 'தி லாட்ஜர்'. 1926இல் எடுத்து 1927இல் வெளியானது. நான்தான் எடுத்தேன் என்று முழு மனதோடு சொல்லிக்கொள்ளக்கூடிய முதல் படம் இதுதான் என்பது ஹிட்ச்காக்கின் கருத்தும்கூட. கதை மேரி பெலோக் லௌண்டஸ் எழுதிய நாவல், அதற்கு மூலம் லண்டனை நடுங்கவைத்த ஜாக் தி ரிப்பர் கொலைகள். செவ்வாய்க்கிழமை தோறும் பொன்னிறக் கூந்தல் பெண்களாகப் பார்த்து ஒருவன் கொல்கிறான். ஒரு பனிமூட்ட இரவில், முகத்தைப் பாதி மறைத்த துண்டோடு ஒருவன் ஒரு வீட்டுக்கு வாடகைக்கு அறை கேட்டு வருகிறான். அந்த வீட்டுப் பெண்ணுக்கும் பொன்னிறக் கூந்தல். அவனா இல்லையா?

இதில் ஒரு காட்சியைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். வீட்டுக்காரர்கள் கீழே இருக்கிறார்கள், புதிதாக வந்தவன் மாடி அறையில். அவன் இருப்புக் கொள்ளாமல் அங்குமிங்கும் நடக்கிறான், அந்தச் சத்தம் கீழே கேட்கிறது. பேசும்படமாக இருந்தால் 'டக் டக்' என்று காலடி ஓசை வைத்தால் தீர்ந்தது. ஊமைப்படத்தில் என்ன செய்வது? 'மேலே காலடிச் சத்தம் கேட்டது' என்று ஒரு அட்டை போடலாம். அவர் போடவில்லை. முதலில் கூரையில் தொங்கும் விளக்கு லேசாக ஆடுகிறது. கீழே இருப்பவர்கள் நிமிர்ந்து பார்க்கிறார்கள். அவர்கள் பார்க்கும் கூரை மெல்லக் கரைந்து கண்ணாடியாகிறது, அதன் மேலே நடக்கும் செருப்பின் அடிப்பாகம் நமக்குத் தெரிகிறது. ஒரு அங்குலத் தடிமனில் கண்ணாடித் தளம் போட்டு, நடிகரை அதன் மேல் நடக்கவிட்டு, கேமராவைக் கீழே வைத்து எடுத்தது. நம் காதில் ஒன்றும் விழவில்லை, ஆனால் அந்த நடை கேட்டுவிடுகிறது. பின்னால் ஒரு நாள் அவன் நள்ளிரவில் வெளியே போகும்போது, மாடிப்படியின் உச்சியிலிருந்து கேமரா செங்குத்தாகக் கீழே பார்க்கிறது. ஆள் தெரியவில்லை. கைப்பிடியில் ஒரு கை மட்டும் வழுக்கிக்கொண்டு சுற்றிச்சுற்றிக் கீழே இறங்குகிறது. படுக்கையில் விழித்துக் கிடக்கும் வீட்டுக்கார அம்மாளுக்கு எவ்வளவு தெரியுமோ, நமக்கும் அவ்வளவுதான் தெரியும்.

படம் முடிந்ததும் நடந்தது தனிக் கதை. விநியோகஸ்தர் சி. எம். வுல்ஃபுக்குப் பிடிக்கவில்லை, தூக்கி அலமாரியில் வைத்துவிட்டார். தயாரிப்பாளர் மைக்கேல் பால்கன், ஐவர் மாண்டகு என்ற படித்த இளைஞரைக் கூப்பிட்டு உதவி கேட்டார். மாண்டகு செய்த முதல் வேலை, டைட்டில் கார்டுகளை வெகுவாகக் குறைத்ததுதான். மிஞ்சிய அட்டைகளை மெக்நைட் காஃபர் என்ற ஓவியரிடம் கொடுத்து முக்கோண வடிவங்களோடு புதிதாக வரையச் சொன்னார், சில காட்சிகளைத் திரும்ப எடுக்கவும் வைத்தார். பத்திரிகையாளர்களுக்குப் போட்டுக் காட்டியபோது பிரிட்டனில் அதுவரை வந்த படங்களிலேயே சிறந்தது என்கிற அளவுக்குப் புகழ்ந்தார்கள். எழுத்து குறையக் குறையப் படம் உயரும் என்பதை ஹிட்ச்காக் தன் சொந்தப் படத்திலேயே கண்ணால் பார்த்தார். ஒரே குறை, நாயகனாக நடித்த ஐவர் நோவெல்லோ அப்போது பெண்கள் கொண்டாடிய நட்சத்திரம். அவரைக் கொலைகாரனாகக் காட்ட முடியாது. கடைசிவரை 'அவனா இல்லையா' என்ற சந்தேகத்திலேயே படத்தை முடிக்க ஹிட்ச்காக் விரும்பினார், நடக்கவில்லை. இதில் அவர் முதல்முறையாகத் தலைகாட்டியும் இருக்கிறார், பத்திரிகை அலுவலகத்தில் நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பவர் அவர்தான்.

அதே நோவெல்லோ நடித்த 'டவுன்ஹில்' (1927) செய்யாத தப்புக்காகப் பள்ளியிலிருந்து விரட்டப்பட்ட ஒருவன் படிப்படியாகச் சீரழியும் கதை. கதை ஏனோதானோ என்று போகும். ஆனால் ஒரு இடம் அபாரம். அவன் கோட்டு சூட்டோடு நிற்கிறான், பரவாயில்லை, பிழைத்துக்கொண்டான் என்று நினைக்கிறோம். கேமரா விலகுகிறது, அவன் ஓட்டல் சர்வர். சாப்பிட வந்த பெண் விட்டுப்போன சிகரெட் பெட்டியை எடுத்துப் பைக்குள் போடுகிறான், ஐயோ திருடனாகிவிட்டானே என்கிறோம். கேமரா இன்னும் நகர்கிறது. எல்லாமே ஒரு நாடக மேடை, அவன் கும்பலில் ஆடும் துணை நடிகன். ஒரு வார்த்தை இல்லாமல், ஒரே நிமிடத்துக்குள், நம்மை மூன்று முறை ஏமாற்றிவிட்டார்.

'ஈஸி வர்ச்சூ' 16 மி.மீ. பிரதிகளிலிருந்து மீட்கப்பட்டது, பார்க்கக் கொஞ்சம் சிரமம். அதில் ஒரு காட்சிக்காக மட்டும் பாருங்கள். காதலன் அவளிடம் கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்டிருக்கிறான், நள்ளிரவுக்குள் போனில் பதில் சொல்கிறேன் என்கிறாள். போன் வருகிறது. ஹிட்ச்காக் காதலனையும் காட்டவில்லை, அவளையும் காட்டவில்லை. இணைப்புக் கொடுக்கும் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் பெண்ணை மட்டும் காட்டுகிறார். அவள் ஒட்டுக்கேட்கிறாள். கவலைப்படுகிறாள், மூச்சைப் பிடிக்கிறாள், கடைசியில் முகம் மலர்கிறது. சரி, சம்மதம் சொல்லிவிட்டாள்!

'தி ஃபார்மர்ஸ் வைஃப்' மனைவியை இழந்த ஒரு விவசாயி மறுமணத்துக்குப் பெண் தேடும் நகைச்சுவை. அடுப்பங்கரையில் காலியாகக் கிடக்கும் எதிர் நாற்காலியில் ஒவ்வொருத்தியையும் உட்காரவைத்து அவர் மனதுக்குள் பார்ப்பது அழகு, மற்றபடி நீளம். 'ஷாம்பெயின்' எனக்கு ஒட்டவே இல்லை. நேரம் இல்லாதவர்கள் தாராளமாக விட்டுவிடலாம்.

'தி ரிங்'கை விடாதீர்கள். 1927, கதையும் அவரே எழுதியது. திருவிழாக் கூடாரத்தில் குத்துச்சண்டை போடும் ஜாக் என்பவனைப் பற்றிய படம். எதிர்த்து நிற்கிறவன் எவனும் முதல் சுற்றைத் தாண்டமாட்டான், அதனால் 'ஒரு சுற்று ஜாக்' என்றே பெயர். ஒரு நாள் கூட்டத்திலிருந்து ஒருவன் மேடையேறுகிறான். அவன் தொழில்முறைச் சாம்பியன் என்பது யாருக்கும் தெரியாது. கேமரா பெரும்பாலும் சண்டையைக் காட்டாமல், சுற்று எண்ணைக் காட்டும் பலகையைக் காட்டுகிறது. '1' என்று எழுதிய அட்டை அழுக்கேறி ஓரம் நைந்து கிடக்கிறது, இத்தனை வருடமாக அது ஒன்றைத்தானே மாட்டியிருக்கிறார்கள். முதல் சுற்று முடிகிறது. ஆள் அதை எடுத்துவிட்டு '2' என்ற அட்டையை மாட்டுகிறான். அது புத்தம்புதுசு, யார் கையும் படாதது. ஜாக்குக்கு என்ன நேர்ந்துவிட்டது என்பது அந்த அட்டையின் வெள்ளையில் இருக்கிறது. பழைய டைட்டில் கார்டு ஓவியர் அல்லவா, அட்டையையே நடிக்க வைத்துவிட்டார்.

பிறகு ஜாக் பெரிய பந்தயங்களில் ஜெயித்து வீட்டில் விருந்து வைக்கிறான். நண்பர்களுக்கு ஷாம்பெயின் ஊற்றியாகிவிட்டது, மனைவி வந்ததும் குடிக்கலாம் என்று காத்திருக்கிறார்கள். அவள் அந்தச் சாம்பியனோடு வெளியே போயிருக்கிறாள். வரவில்லை. கிளாஸில் குமிழி கொதிக்கிறது, குறைகிறது, நின்றுவிடுகிறது.

அவருடைய கடைசி முழு ஊமைப்படம் 'தி மேங்ஸ்மன்' (1929). இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரையில் எடுத்தது, கதை நடப்பதோ ஐல் ஆஃப் மேன் தீவில். ஒரு மீனவன், ஒரு வக்கீல், இருவரும் சிறுவயது நண்பர்கள், இருவருக்கும் நடுவில் ஒரே பெண். சஸ்பென்ஸ் எதுவும் இல்லை என்பதால் ஹிட்ச்காக்குக்கே இதன் மேல் மதிப்பில்லை. நான் அவரோடு ஒத்துப்போக மாட்டேன். வக்கீலைக் காதலித்து மீனவனை மணந்த அந்தப் பெண் தாங்க முடியாமல் ராத்திரியில் துறைமுகத்துத் தண்ணீரில் குதிக்கிறாள். திரை முழுக்கக் கறுத்த நீர், மேலே வரும் குமிழிகள். அந்தக் கறுப்பு அப்படியே இன்னொரு கறுப்பாக மாறுகிறது, அதற்குள் ஒரு பேனா இறங்குகிறது. மைக்கூடு. பேனா அந்த வக்கீலுடையது. அவர் இப்போது நீதிபதி, அன்றுதான் முதல் நாள் ஆசனத்தில் உட்கார்ந்திருக்கிறார், விசாரணைக்கு வரும் வழக்கு ஒரு பெண்ணின் தற்கொலை முயற்சி. அவளைத் தண்ணீரிலிருந்து இழுத்து நேரே அவருடைய மேசைக்குக் கொண்டுவந்து நிறுத்தியாகிவிட்டது.

எந்தப் பிரதியைப் பார்ப்பது என்பதும் முக்கியம். இணையத்தில் கண்டபடி கிடக்கும் பழைய பிரதிகளில் முகமே தெரியாது, ஓட்டமும் தாறுமாறு, சம்பந்தமில்லாத இசையை ஒட்டி வைத்திருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு ஊமைப்படம் பிடிக்கவில்லை என்றால் அது படத்தின் குற்றம் ஆகாது. பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் ஒன்பது படங்களையும் சீர்செய்து 2012இல் திரையிட்டது, மறுவருடம் அவை யுனெஸ்கோவின் பிரிட்டன் நினைவுப் பதிவேட்டிலும் இடம்பெற்றன. லாட்ஜரைச் சீர்செய்த பிரதியில் பாருங்கள், பனிமூட்டத் தெரு நீலத்திலும் வீட்டின் உள்ளே மஞ்சள் கலந்த பழுப்பிலும் இருக்கும், அந்தக் காலத்தில் சாயம் ஏற்றிக் காட்டிய மாதிரியே. அதற்குப் புதிதாக இசையமைத்தவர் நிதின் சாஹ்னி, இந்தியாவிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு இங்கிலாந்தில் பிறந்தவர். நடுவே அவர் பாட்டு வைத்திருக்கும் இடங்கள் எனக்குக் கொஞ்சம் உறுத்தின, வார்த்தையே வேண்டாம் என்று எடுத்த படத்தில் வார்த்தை கேட்பதால்தான். மற்றபடி நல்ல இசை.

ஆக, லாட்ஜர், ரிங், மேங்ஸ்மன், கடைசியாக 'பிளாக்மெயில்'. இந்த வரிசையில் பார்க்கலாம்.

பிளாக்மெயில் 1929இல் ஊமைப்படமாகத் தொடங்கியது. நடுவில் பேசும்படம் என்ற புயல் வந்துவிட்டது, அதனால் பல காட்சிகளை மறுபடி எடுத்து ஒலியோடு ஒரு வடிவம் செய்தார்கள். எல்லாத் தியேட்டரிலும் ஒலிக்கருவி வந்திருக்கவில்லை என்பதால் ஊமை வடிவமும் தனியாக ஓடியது. இரண்டும் இன்று கிடைக்கின்றன. நாயகி அனி ஓண்ட்ரா செக் நாட்டோடு தொடர்புடையவர், லண்டன் கடைக்காரர் மகளாக நடிக்கும் அவருடைய ஆங்கில உச்சரிப்பு பொருந்தவில்லை. டப்பிங் வசதி அப்போது கிடையாது. ஜோன் பாரி என்ற நடிகை கேமராவுக்கு வெளியே மைக் முன்னால் நின்று பேச, ஓண்ட்ரா அதற்கு வாயசைத்தார்!

கொலை நடக்கும் காட்சியை மட்டும் சொல்கிறேன். ஒரு ஓவியன் அவளைத் தன் அறைக்கு அழைத்துவந்து பலாத்காரம் செய்யப் பார்க்கிறான். திரைச்சீலைக்குப் பின்னால் இழுபறி. நமக்குத் தெரிவது ஆடும் துணி மட்டும். துணியின் விளிம்பிலிருந்து அவளுடைய கை வெளியே வந்து துழாவுகிறது. பக்கத்து மேசையில் ரொட்டி, அதன் அருகில் ரொட்டி வெட்டும் கத்தி. கை கத்தியைப் பற்றி உள்ளே போகிறது. துணி இன்னும் ஆடுகிறது. ஆட்டம் நிற்கிறது. அப்புறம் அவனுடைய கை துவண்டு வெளியே விழுகிறது.

கடைசியில் பிரிட்டிஷ் மியூசியத்துக்குள் ஒரு துரத்தல் வரும். உள்ளே படம் பிடிக்க வெளிச்சம் போதாது. அதனால் அரை மணி நேரம் லென்ஸைத் திறந்துவைத்து மியூசியத்தின் உட்புறத்தைப் போட்டோ எடுத்தார்கள். கேமராவுக்கு முன் ஒரு கண்ணாடியைச் சாய்த்து நிறுத்தி, பக்கவாட்டில் அந்தப் போட்டோவைப் பின்னால் விளக்கு வைத்து மாட்டினால், போட்டோ கண்ணாடியில் பிரதிபலிக்கும். நடிகர் எங்கே ஓட வேண்டுமோ அந்த இடத்தில் மட்டும் கண்ணாடியின் ரசத்தைச் சுரண்டிவிட்டால், சுரண்டிய ஓட்டை வழியாக ஸ்டூடியோவில் நிற்கும் நடிகர் தெரிவார். மியூசியமும் ஆளும் ஒரே ஷாட்டில் சேர்ந்துவிடும். ஷூஃப்டான் என்ற ஜெர்மன் ஒளிப்பதிவாளர் கண்டுபிடித்த முறை இது. முதலாளிகள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று ஹிட்ச்காக் அவர்களுக்குத் தெரியாமலே செய்து முடித்தார்.

ஊமை வடிவத்தை முதலில் பாருங்கள், அடுத்த நாள் ஒலி வடிவத்தை. ஒலி வடிவத்தில், கொலைக்கு மறுநாள் காலை நாயகி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்க, வம்பு பேச வந்த பக்கத்து வீட்டுக்காரி கொலையைப் பற்றி ஓயாமல் பேசுவாள். அவள் பேச்சு முழுக்க மங்கி இரைச்சலாகி, 'கத்தி' என்ற ஒரு சொல் மட்டும் திரும்பத் திரும்பத் துல்லியமாகக் கேட்கும். அந்த நேரம் பார்த்து அப்பா ரொட்டியை வெட்டச் சொல்கிறார். பேச்சு கைக்கு வந்த முதல் படத்திலேயே, அதில் ஒரு சொல்லை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அழித்துவிட்டார்.